மாஸ்க் விளிம்பில் ஒரு முடி

கார்த்திகை பிறந்ததும் ரசாயன ஆலைகளின் சேஃப்டி ஆபீசில் ஒரு சங்கடம் தொடங்கும். மாஸ்க் முகத்தில் கசிவில்லாமல் ஒட்டுகிறதா என்று பார்க்கும் ஃபிட் டெஸ்டுக்கு வரிசையில் நிற்பவர்களில் நாலைந்து பேர் கழுத்தில் துளசிமணியும் கன்னத்தில் ஒரு வாரத் தாடியுமாக இருப்பார்கள். ஷேவ் செய்யாமல் வந்தால் டெஸ்ட் கிடையாது என்பது விதி. ஆனால் மாலை போட்டவரைப் பார்த்து, "சாமி, போய் ஷேவ் பண்ணிட்டு வாங்க" என்று சொல்ல நம் ஊரில் யாருக்கு வாய் வரும்? சொல்லாமல் விட்டால், மார்கழி முழுக்க அவர் குளோரின் லைன் பக்கத்தில் முகத்தில் ஒட்டாத மாஸ்க்கோடு நிற்பார்.

இதை மதத்துக்கும் பாதுகாப்புக்கும் நடக்கிற சண்டை என்று பேசுவது வழக்கம். அருகில் போய்ப் பார்த்தால் பாதிச் சிக்கல், எதிரில் நிற்பவரின் விதி உண்மையில் என்ன சொல்கிறது என்று யாரும் கேட்காததால் வருவது. மீதிப் பாதி ஸ்டோரில் ஒரே வகை மாஸ்க்கை மட்டும் வாங்கி அடுக்கியதால் வருவது.

முதலில் மாஸ்க்கின் பக்கம். என்95 ஆகட்டும், கார்ட்ரிட்ஜ் மாட்டிய ரப்பர் அரைமுக மாஸ்க் ஆகட்டும், விளிம்பு தோலோடு ஒட்டினால்தான் அதற்கு மதிப்பு. மூச்சை இழுக்கும்போது மாஸ்க்குக்குள் அழுத்தம் குறைகிறது. வெளிக்காற்று உள்ளே வர எளிய வழி தேடும். ஃபில்டர் வழியே நுழைவது கஷ்டம், விளிம்பு இடுக்கில் நுழைவது சுலபம். ஒரு தாடி முடியின் தடிமன் சுமாராக 0.1 மில்லிமீட்டர், அதாவது 100 மைக்ரான். ஃபில்டர் பிடிக்க வேண்டிய தூசோ ஒரு மைக்ரானுக்கும் கீழே. வாயுவுக்கு இடுக்கின் அளவு ஒரு பொருட்டே இல்லை. "ஒரு நாள் தாடிதானே சார்" என்பதுதான் இந்த வேலையில் அதிகம் கேட்கும் வாக்கியம். அந்த ஒரு நாள் முள் விறைப்பாக நின்று ரப்பர் விளிம்பைத் தூக்கிப் பிடிக்கும். ஷிஃப்டுக்கு முந்தைய 8 மணி நேரத்துக்குள் ஷேவ் செய்திருக்க வேண்டும் என்று பிரிட்டனில் சொல்வது இதனால்தான். காலை ஆறு மணிக்குச் சிரைத்துவிட்டு இரவு பத்து மணி ஷிஃப்டுக்கு வருகிறவர் முகத்தில் 16 மணி நேர முள் இருக்கும். அவரைத் தாடிக்காரர் கணக்கில் யாரும் எழுதுவதில்லை.

மீசை பிரச்சினை இல்லை, விளிம்பைத் தொடாதவரை. முறுக்கி விட்ட மீசை தொடும். முழுமுக மாஸ்க் என்றால் கிருதாவும் நெற்றி முடியும் கணக்கில் வரும். தாடியில் வாசலின் தடவி அடைப்பது, பட்டையை இன்னும் இறுக்குவது என்று இரண்டு கைவைத்தியம் உலவுகிறது. வாசலின் ரப்பரைக் கெடுக்கும். இறுக்கினால் மூக்குத் தண்டில் புண் வரும். கசிவு தாடையிலிருந்து மூக்கோரத்துக்கு இடம் மாறும், அவ்வளவுதான்.

ஃபிட் டெஸ்ட் என்பது என்ன என்று பார்த்தால் இந்தக் கறாருக்குக் காரணம் புரியும். பெரும்பாலான ஆலைகளில் நடப்பது சுவை டெஸ்ட். டெஸ்டுக்கு 15 நிமிடம் முன்பிருந்து டீ, பீடி, பாக்கு எதுவும் கூடாது. முதலில் மாஸ்க் இல்லாமல் தலையில் ஒரு பிளாஸ்டிக் கூடு மாட்டி, சாக்கரின் கலந்த தண்ணீரை 10 முறை பீய்ச்சுவார்கள். இனிப்புத் தெரிந்தால் சரி. தெரியாவிட்டால் 20, அதுவும் தெரியாவிட்டால் 30. முப்பதிலும் தெரியாதவருக்கு இந்த டெஸ்ட் செல்லாது, கசப்புக் கரைசலுக்குப் போக வேண்டும். பிறகு வாயைக் கழுவி, மாஸ்க்கை மாட்டி, மறுபடி கூட்டுக்குள். இந்த முறை கரைசல் நூறு மடங்கு கெட்டி: 100 மில்லி தண்ணீரில் 83 கிராம் சாக்கரின். சாதாரண மூச்சு, ஆழ்ந்த மூச்சு, தலையை இடவலமாகத் திருப்புதல், மேலும் கீழும் அசைத்தல், பேசுதல், குனிதல், மறுபடி சாதாரண மூச்சு என்று ஒவ்வொன்றும் ஒரு நிமிடம். 30 விநாடிக்கு ஒருமுறை, முதலில் பீய்ச்சியதில் பாதி எண்ணிக்கை மறுபடி பீய்ச்ச வேண்டும். நடுவில் நாக்கில் இனிப்புத் தட்டினால் டெஸ்ட் தோல்வி.

தாடிக்காரருக்கு இது பெரும்பாலும் பேசும் கட்டத்தில் போகும். தாடை அசையும்போது விளிம்பு முடி மேல் நழுவும். பேசாமல் நின்றபோது தேறியதைக் காட்டி, "பாருங்க, ஒட்டுதே" என்பார்கள். இந்த டெஸ்டின் ஓட்டை ஒன்றும் உண்டு: இனிப்புத் தெரிந்ததா என்பதை மாஸ்க் போட்டவர்தான் சொல்ல வேண்டும். வேலை போய்விடும் என்று பயந்தவர் சொல்ல மாட்டார். துகள் எண்ணும் கருவி வைத்துச் செய்யும் டெஸ்டில் இந்தப் பேச்சுக்கு இடமில்லை. வெளியே உள்ள துகளை உள்ளே உள்ள துகளால் வகுத்தால் அரைமுக மாஸ்க்குக்கு குறைந்தது 100 வர வேண்டும். அமெரிக்க விதியில் முழுமுகத்துக்கு 500.

இனி முகத்தின் பக்கம். மாஸ்க்குக்கு எல்லாத் தாடியும் ஒன்றுதான். வைத்திருப்பவர்களுக்கு அப்படி இல்லை.

சபரிமலை விரதத் தாடி நாள் எண்ணி வளர்வது. மண்டல காலம் 41 நாள், நம் பக்கம் 48 என்று கணக்கு வைப்பவர்களும் உண்டு. மகரவிளக்கு வரை போகிறவருக்கு ஜனவரி நடுவில் முடியும். கத்தோலிக்கர்களில் சிலர் தவக்காலத்தில் விபூதிப் புதன் முதல் ஈஸ்டர் வரை சிரைப்பதில்லை. வீட்டில் சாவு விழுந்தால் காரியம் முடியும் வரை கத்தி படாது. மனைவி உண்டாகியிருக்கும்போது முடி எடுக்காத குடும்பங்களும் இருக்கின்றன, அது மாதக்கணக்கு. பக்ரீதுக்குக் குர்பானி கொடுக்க நினைத்திருக்கும் முஸ்லிம், துல்ஹஜ் மாதத்து முதல் பிறையிலிருந்து அறுக்கும் வரை முடியும் நகமும் வெட்டாமல் இருப்பார். எப்போதும் மழுமழுவென்று வருகிறவர் திடீரென்று பத்து நாள் முள்ளோடு நிற்பதற்கு அது காரணமாக இருக்கலாம். இவை எல்லாமே தேதி தெரிந்த தாடிகள். ஆள் மாற்றிப் போடும் சார்ட்டில் முன்கூட்டியே எழுதிவிடலாம். எழுதாமல் விட்டுவிட்டு அன்றைக்குக் காலையில் கேட்டில் நின்று சத்தம் போடுவது நிர்வாகத்தின் சோம்பல்.

முஸ்லிம்களின் நிரந்தரத் தாடி வேறு கணக்கு. மீசையைக் குறை, தாடியை விடு என்பது நபிமொழி. எவ்வளவு விடுவது என்பதில் மத்ஹபுகள், அதாவது இஸ்லாமியச் சட்ட மரபுகள், பிரிகின்றன. ஹனஃபி மரபில் ஒரு கைப்பிடி; தாடையின் கீழ் கையால் பிடித்து, பிடிக்கு வெளியே நீள்வதை வெட்டலாம், பிடிக்குள் கத்தி போகக் கூடாது. ஷாஃபி அறிஞர்களில் பலர் சிரைப்பதை ஹராம் என்று சொல்லாமல் மக்ரூஹ், அதாவது வெறுக்கத்தக்கது என்ற அளவில் நிறுத்துகிறார்கள். தமிழ்நாட்டுக் கடற்கரை மரைக்காயர்கள் பெரும்பாலும் ஷாஃபி, ராவுத்தர்கள் பெரும்பாலும் ஹனஃபி. ஆக ஒரே செக்‌ஷனில் வேலை செய்யும் இரண்டு பாய்மார், ஒரே கேள்விக்கு இரண்டு பதில் சொன்னால் ஒருவர் சாக்குச் சொல்கிறார் என்று அர்த்தமில்லை. "அவர் எடுத்துட்டாரே, உங்களுக்கு என்ன" என்று கேட்பது அறியாமை.

சீக்கியர்களிடம் பேச்சுக்கே இடமில்லை. 1699இல் ஆனந்த்பூரில் குரு கோவிந்த் சிங், தீட்சை பெற்ற சீக்கியர்களின் அமைப்பான கால்சாவை நிறுவியதிலிருந்து கேசம் ஐந்து அடையாளங்களில் முதலாவது. தலை, தாடி, உடம்பு எங்கேயும் முடியை வெட்டுவது கூடாது. சிரைப்பதும் ட்ரிம் செய்வதும் அங்கே ஒரே குற்றம். பட்டிண்டா, பானிபட் பக்கம் ரிஃபைனரி ஷட்டவுனுக்குப் போகும் நம் ஊர் சூப்பர்வைசர்கள், "கொஞ்சமா குறைச்சுக்குங்க சர்தார்ஜி" என்று சமாதானமாகச் சொல்வதாக நினைத்துச் சொல்லும் வார்த்தை அவர்களுக்கு அறை விழுந்த மாதிரி.

சரி, என்ன செய்வது? விளிம்பே தேவைப்படாத கருவி இருக்கிறது. பேட்டரி விசிறி இடுப்பில், ஃபில்டர் அதிலேயே, குழாய் வழியே தலைக்கூட்டுக்குள் காற்று. தொழிலில் இதை பாப்பர் என்பார்கள். தளர்வான கூட்டுக்குள் நிமிடத்துக்கு 170 லிட்டராவது காற்று வர வேண்டும் என்பது அமெரிக்கக் கணக்கு. உள்ளே காற்று எப்போதும் கூடுதலாக இருப்பதால் கசிவு வெளிப்பக்கம்தான். வெளியே உள்ள நச்சு உள்ளே எத்தனையில் ஒரு பங்காகக் குறையும் என்பதுதான் பாதுகாப்புக் காரணி; அரைமுக மாஸ்க்குக்கு அது 10 என்றால் தளர்வான பாப்பருக்கு 25. தாடி வைத்தவருக்குக் கிடைப்பது சலுகை என்று நினைப்பவர்கள் இந்த எண்ணைப் பார்க்க வேண்டும். சிரைத்தவரை விட அவருக்குப் பாதுகாப்பு அதிகம். விலைதான் பல பத்தாயிரங்களில். பர்ச்சேஸ் பிரிவில் அது நின்றுபோவதால், சேஃப்டி பிரிவு ஆளிடம் "எடுத்துட்டு வாங்க" என்கிறது.

வாங்கிய பிறகும் தவறு நடக்கும். பழைய பேட்டரி நாலு மணி நேரத்தில் சாகும். காற்று போதுமான அளவு வருகிறதா என்று அறிய, ஒவ்வொரு ஷிஃப்டுக்கும் முன்பு கூடவே வரும் அளவுக் குழாயில் உருண்டை கோட்டைத் தாண்டி எழும்புகிறதா என்று பார்க்க வேண்டும், பார்ப்பவர்கள் குறைவு. அமோனியாவுக்குப் பச்சைப் பட்டை, கரைப்பான் ஆவிக்குப் பழுப்பு, குளோரினுக்குச் சாம்பல் என்பதை மறந்து தூசுக்கான வெள்ளை ஃபில்டரோடு போனால் விசிறி விஷத்தையே சுத்தமாக அனுப்பித் தரும். எரிவாயு கசியக்கூடிய ஏரியாவில் சாதாரண பாப்பரின் மோட்டார் தீப்பொறிக்குக் காரணமாகலாம், அதற்கென்று சான்று பெற்ற மாடல்தான் போக வேண்டும். கழுத்தில் சுருக்கு வைத்த கூடு என்றால் நீண்ட தாடியைக் கூட்டுக்குள்ளே முழுதாகத் தள்ளி விட வேண்டும். பாதி உள்ளே, பாதி வெளியே தொங்கினால் சுருக்கில் முடி திரி போலக் கிடந்து கசியும். ஹைட்ரஜன் சல்ஃபைடு ஏரியாவில் இடுப்பில் தொங்கும் 10 அல்லது 15 நிமிடத் தப்பிக்கும் கூட்டுக்கும் இதே கதைதான். அலாரம் அடித்த பிறகு தாடியைச் சுருட்ட நேரம் இருக்காது. வேலைக்கு முன்பே முடிச்சுப் போட்டிருக்க வேண்டும்.

சீக்கிய மருத்துவர்கள் கோவிட் காலத்தில் பிரிட்டனில் ஒரு வழியைச் சோதித்தார்கள். தாடியைச் சீவி, தாடைக்குக் கீழே சுருட்டி, அகலமான ரப்பர் பட்டையைத் தாடையைச் சுற்றி மூடி உச்சந்தலையில் கட்டிவிடுவது. தாடியைப் படிய வைக்கத் துணி கட்டும் பழைய வழக்கமான தாட்டாவிலிருந்து வந்தது. மாஸ்க் அந்த வழவழப்பான ரப்பர் மேல் உட்காரும். 2020இல் வெளியான முடிவில் 27 பேரில் 25 பேர் சுவை டெஸ்டில் தேறினார்கள். ஆஸ்பத்திரியில் கிருமிக்கு எதிராக இது நல்ல யோசனை. விளிம்புக்கு நடுவில் முடி இருக்கவே கூடாது என்று எழுதி வைத்திருக்கும் ஆலை விதிகளின் கீழ், வாயு உள்ள இடத்துக்கு இதை நம்பி அனுப்ப முடியாது.

வழியில்லாத இடமும் உண்டு, அதை மழுப்பக் கூடாது. ஆக்சிஜன் 19.5 சதவீதத்துக்குக் கீழே போன டேங்க், நச்சு அளவு தெரியாத குழி இரண்டிலும் பாப்பர் உதவாது. அது இருக்கிற காற்றைத்தான் வடிகட்டும். அங்கே முதுகில் சிலிண்டரும் முழுமுக மாஸ்க்கும் வேண்டும். "அதில் உள்ளே அழுத்தம் அதிகம்தானே, தாடி இருந்தால் என்ன" என்று விவரம் தெரிந்தவர்களே கேட்பார்கள். மூச்சு வாங்க ஓடும்போது இழுப்பு வேகமாகி, அழுத்தம் ஒரு நொடி வெளியை விடக் கீழே இறங்கலாம். தவிர கசிவு சிலிண்டரைத் தின்னும். 6.8 லிட்டர் சிலிண்டரில் 300 பார் அழுத்தத்தில் கிட்டத்தட்ட 2,000 லிட்டர் காற்று. நிமிடத்துக்கு 40 லிட்டர் என்றால் 50 நிமிடம். அதற்கு மேல் நிமிடத்துக்குப் பத்து லிட்டர் தாடி வழியே போனால் 40 நிமிடம். காற்று தீரப்போகிறது என்று 55 பார் பக்கம் விசில் ஊதும்போது அவர் ஏணியிலிருந்து எவ்வளவு தூரத்தில் இருப்பார் என்பதுதான் கேள்வி. ஆகவே முடி எடுக்க முடியாதவரை இந்த வேலைக்கும் மீட்புக் குழுவுக்கும் போடக் கூடாது. போடாததற்காக அவருடைய ஓவர்டைமையும் கிரேடையும் பிடுங்கவும் கூடாது. வளைகுடா வேலைக்கு ஆள் எடுக்கும் ஏஜென்டுகள் இதைச் சென்னையிலேயே சொல்லிவிட வேண்டும்; பலர் சொல்வதில்லை, அங்கே கேட்டில் போய்த்தான் தெரிகிறது.

தோற்ற ஒழுங்குக்காகத் தாடியைத் தடுப்பது வேறு வழக்கு, இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. விமானப்படையில் தாடி வைத்த ஒரு முஸ்லிம் வீரரின் நீக்கத்தை 2016 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, மக்காவிலிருந்து தாடியோடு திரும்பிய போலீஸ்காரருக்கு எதிரான தண்டனையை ஏற்கவில்லை. முஸ்லிம் காவலர்கள் சீராக வெட்டிய தாடி வைக்கலாம் என்று 1957ஆம் ஆண்டு மெட்ராஸ் போலீஸ் கெசட்டிலேயே இருந்தது. மாஸ்க் விளிம்பைப் பற்றி இரண்டு தீர்ப்பிலிருந்தும் எதுவும் கற்க முடியாது.

ஃபிட் டெஸ்ட் படிவத்தில் மதம் கேட்கும் கட்டம் வேண்டாம். மூன்று கேள்வி போதும்: முகத்தில் முடி எடுக்க முடியாத காரணம் உண்டா, எந்தத் தேதி வரை, ட்ரிம் செய்யலாமா. மூன்றாவது கேள்வி மாஸ்க்குக்கு அல்ல, கூட்டுக்குள் தாடி அடங்குமா என்று பார்ப்பதற்கு.

தை பிறந்து மாலை கழற்றியவர் பளபளவென்று சிரைத்த முகத்தோடு வருவார். போன வருடச் சான்று பைலில் இருக்கிறது, மாஸ்க்கைக் கொடுத்து அனுப்பலாம் என்று தோன்றும். ஒரு வேளைச் சாப்பாட்டில் ஒன்றரை மாதம் இருந்தவர். கன்னம் உள்ளே போயிருக்கும். எடை கண்ணுக்குத் தெரிகிற அளவு மாறியிருந்தால் பழைய சான்று செல்லாது. மீடியம் சைஸ் தளர்ந்து, ஸ்மால் கேட்கும். சாக்கரின் பாட்டிலை மறுபடி எடுக்க வேண்டியதுதான்.