பித்தளைத் தூக்கில் வேறு வீட்டு விலாசம்

4 மே 2025, ஞாயிறு

அப்பாவின் காரியம் முடிந்து பதினேழு நாள்கள் ஆகின்றன. காரைக்குடி வீட்டுப் பரணை ஒழித்தபோது, நான் பள்ளிக்குச் சோறு கொண்டுபோன பித்தளைத் தூக்கு கிடைத்தது. கழுத்தில் உளியால் புள்ளி புள்ளியாக வெட்டியிருந்த நான்கு எழுத்துகள் எங்கள் வீட்டுக்குரியவை அல்ல. நகரத்தார் வீடுகளில் பெண்ணுக்குக் கொடுக்கும் சீர்ப் பாத்திரங்களில் விலாச எழுத்துகளை, அதாவது வீட்டாரின் பெயர் முதலெழுத்துகளை, வெட்டுவது வழக்கம். ஆறாம் வகுப்பில் ஒருத்தி அதைத் தடவிப் பார்த்து, "இது எங்க அப்பத்தா தூக்கு" என்றாள். மறுநாள் முதல் அவள் என் பக்கத்தில் உட்காரவில்லை. பாக்கிக்கு வந்தது என்று அப்பா சொன்னார், நானும் நம்பினேன்.

6 மே, செவ்வாய்

மூன்றாம் வகுப்பிலேயே எனக்குப் பத்து வட்டிக் கணக்கு வரும். ஆயிரம் கேட்டு வந்தவருக்கு முதல் மாத வட்டி நூறைப் பிடித்துக்கொண்டு தொள்ளாயிரம் எண்ணிக் கொடுப்பதும், ஆண்டுக்கு அது நூற்றுக்கு நூற்றிருபது ஆவதும் எனக்கு வாய்ப்பாடு போல மனப்பாடம். முகப்பில் உட்கார்ந்திருக்கும் ஆள்கள் என்னைச் சொல்லச் சொல்லிச் சிரிப்பார்கள். திங்கட்கிழமைச் சந்தையில் வசூலித்துவிட்டு எனக்குச் சீடை வாங்கி வரும் அவர்களை நான் சித்தப்பா என்றே அழைத்தேன். இன்றும் வேறு சொல் வாயில் வரவில்லை.

2003இல் கந்துவட்டித் தடைச் சட்டம் வந்தபோது அப்பா செய்த ஒரே மாற்றம், வட்டி நோட்டை எரித்துவிட்டு, தொகை எழுதாத புரோநோட்டுகளில் கையெழுத்து வாங்கத் தொடங்கியதுதான். பின்னர் அவர் குண்டர் சட்டத்தில் மதுரை மத்தியச் சிறைக்குப் போனார். அம்மா அதை 'வெளியூர்' என்றாள். வீட்டுப்பாடம் செய்யாமல் போனாலும் அந்த ஆண்டுகளில் எந்த ஆசிரியரும் என்னைத் திட்டியதில்லை. என்மேல் பிரியம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

11 மே, ஞாயிறு

தூக்கைப் புளி போட்டுத் துலக்கி, பையில் வைத்துக்கொண்டு பள்ளத்தூருக்குப் போனேன். அந்த அப்பத்தா இறந்து பல ஆண்டுகள் ஆகிவிட்டனவாம். பிள்ளைகள் சென்னையில் இருக்கிறார்கள். பூட்டிய வீட்டைப் பார்த்துக்கொள்ளும் முதியவர் நிலைக்கதவைத் திறக்காமலே, "ஆத்தா, நீ யாரு வீட்டுப் பிள்ளை?" என்று கேட்டார்.

தாய்மாமாவின் பெயரைச் சொன்னேன். தூக்கு இன்னும் பையில்தான் இருக்கிறது.