தேவனாம்பட்டினத்தில் நான்கு மாதம்: இனவரைவியல் ஆய்வேடு எழுதுவோருக்கு

மானிடவியல் முதுகலை ஆய்வேட்டுக்காகக் கடலூர் தேவனாம்பட்டினத்தில் மீனவர் குடும்பங்களுக்கிடையே நான்கு மாதம் களப்பணி செய்தேன். இந்த ஆண்டு ஆய்வேடு தொடங்குபவர்களுக்கு அந்த அனுபவம் உதவும் என்று நம்புகிறேன்.

முதல் வாரம் வினாநிரலோடு வீடு வீடாகச் சென்றேன். மீன் விற்ற பணம் யார் கையில் இருக்கும் என்று கேட்டால், ஆண்கள் பெரும்பாலும் "எங்க கையிலதான்" என்றார்கள், அப்படியே எழுதிக்கொண்டேன். பிறகு வினாநிரலை அறையில் வைத்துவிட்டு, விடியற்காலையில் படகுகள் கரையேறும் இடத்தில் நாள்தோறும் உட்காரத் தொடங்கியபோது, மீனைக் கூடையில் சுமந்து சென்று விற்பதும், வலைக்கு வாங்கிய கடனுக்கு வட்டி கட்டுவதும், வீட்டுச் செலவுக்குப் பிரித்து வைப்பதும் பெண்களே என்பதைக் கண்டேன். ஆண்கள் பொய் சொல்லவில்லை. வெளியாளிடம் குடும்பத்தைப் பற்றி எப்படிப் பேசுவது முறையோ, அப்படிப் பேசினார்கள். சொல்லுக்கும் செயலுக்கும் உள்ள இந்த இடைவெளியே ஒரு பண்பாட்டைப் பற்றி மிகுதியாகச் சொல்கிறது. மானிடவியலாளர் மாலினோவ்ஸ்கி 1915 முதல் 1918 வரை இரு தவணைகளாக, நியூ கினிக்கு அருகிலுள்ள டிரோபிரியண்ட் தீவுகளில் மக்களோடு தங்கி, அவர்கள் மொழியைக் கற்று வளர்த்தெடுத்த பங்கேற்பு உற்றுநோக்கல் முறையின், அதாவது மக்களின் அன்றாட வாழ்வில் கலந்துகொண்டே கவனிக்கும் முறையின் பயனை அந்தக் கரையில்தான் உணர்ந்தேன்.

தாய்மொழி தமிழ் என்பதால் மொழி கற்கும் வேலை நமக்கு இல்லை என்று எண்ணிவிட வேண்டாம். ஒருவர் "இன்னிக்குப் பாடு இல்ல" என்றபோது, துன்பம் இல்லை என்று குறித்துக்கொண்டேன்; வலையில் மீன் படவில்லை என்பதே அவர் சொன்னது. அந்தப் பிழையைத் திருத்தியவர் வலை பின்னிக்கொண்டிருந்த ஒரு பெரியவர். அவரையே ஆசானாகக் கொண்டு, காற்றுக்கும் வலைக்கும் உரிய பெயர்களைத் தனி நோட்டில் எழுதி வந்தேன்.

ஊர்ப் பஞ்சாயத்தாரை முதலிலேயே சந்தித்து அனுமதி பெறுங்கள். 2004 சுனாமிக்குப் பின் கணக்கெடுக்க வந்து, திரும்பிப் பாராமல் போனவர்களை அவர்கள் நினைவில் வைத்திருக்கிறார்கள். கோடை விடுமுறையில் மட்டும் சென்றால், ஏப்ரல் 15 முதல் 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கட்டிக்கிடப்பதையே பெரிதும் காண்பீர்கள். பேச நேரம் கிடைக்கும், தொழிலைப் பார்க்க முடியாது. ஆகவே தடைக்கு முன்பும் பின்பும் சில வாரங்கள் இருங்கள்.

குறிப்புகளை அன்றிரவே விரித்து எழுதுங்கள். வாய்மொழித் தேர்வில், பெண்களே பணத்தை நிர்வகிக்கிறார்கள் என்பதற்கு என்ன சான்று என்று தேர்வாளர் கேட்டபோது, தேதியும் நேரமும் இட்ட களநாட்குறிப்பைத் திறந்து, ஒரே வாரத்தின் ஏழு நாள் பதிவுகளை வாசித்துக் காட்டினேன்.