ஓட்டோவில் செருகியிருந்த கியூ.ஆர். மட்டை

போன கிழமை அப்பாவின் ஓட்டோவைக் கழுவும்போது, முன் கண்ணாடி மூலையில், எரிபொருள் பங்கீட்டுக்காக எடுத்த அந்த லமினேட் செய்த கியூ.ஆர். மட்டை இன்னும் செருகியபடி இருந்தது. 2023 செப்டெம்பர் 1ஆம் திகதியோடு அதன் தேவை முடிந்துவிட்டது. அப்பா எறியவில்லை.

2022 ஜூன் கடைசியில், அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டும்தான் பெற்றோல், டீசல் என்று இலங்கை அரசு அறிவித்தது. அதற்கு முதலே அப்பா பெற்றோல் செட் வாசலில் இரண்டு இரவு ஓட்டோவுக்குள் படுத்திருந்தவர். விடிய நான் தேத்தண்ணி கொண்டுபோகும்போது வரிசை ஒரு அடிகூட நகர்ந்திருக்காது. எண்ணெய் கொண்டுவரும் பவுசர் எப்போது வரும், வந்தாலும் தன் முறை வரைக்கும் இருக்குமா என்று தெரியாமல் கிடந்ததுதான் அவரை வாட்டியது.

ஜூலை நடுப்பகுதியில் தேசிய எரிபொருள் அட்டைக்கான பதிவு தொடங்கியது. என் போனில்தான் பதிந்தேன். அடையாள அட்டை இலக்கம், வாகன இலக்கம் சரி. சேசி இலக்கத்தில் சிக்கிக்கொண்டேன். வாகனப் புத்தகத்தில் எழுத்து மங்கியிருந்தது. இரண்டு தரம் பிழை என்று வந்தது. டோர்ச் அடித்து, ஒவ்வொரு எழுத்தாக வாசித்து, மூன்றாம் தரம்தான் சரிவந்து கியூ.ஆர். குறி கிடைத்தது. தொடக்கத்தில் ஓட்டோவுக்குக் கிழமைக்கு 5 லீற்றர்.

இவ்வளவு அவசரத்தில் ஒரு நாடு இதைச் செய்ய முடிந்ததற்குக் காரணம், நாங்கள் பதியும் இலக்கங்களை ஒப்பிட்டுப் பார்க்க மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் வாகனப் பதிவேடு முன்பே இருந்ததுதான் என்று நினைக்கிறேன். நெருக்கடி வந்த பிறகு அதை உட்கார்ந்து தொகுக்க முடியாது. அடுத்தது, கடதாசி. குறியை ஸ்கேன் செய்ய ஸ்மார்ட் போன் பெற்றோல் அடிக்கிற தம்பியிடம் இருந்தால் போதும். அப்பாவிடம் இருந்தது பட்டன் போன்; கொமினிகேஷன் கடையில் அச்செடுத்து லமினேட் செய்த மட்டையைத்தான் நீட்டுவார். அவரை வெளியே விட்டிருந்தால் எவ்வளவு நல்ல மென்பொருளாலும் எங்கள் வீட்டுக்குப் பயனில்லை.

ஓகஸ்ட் 1இலிருந்து இலக்கத்தகட்டின் கடைசி எண்ணைப் பார்த்து நாள் ஒதுக்குவதும் நின்றது. அந்தக் கிழமை ஒருநாள் அப்பா போய் அரை மணித்தியாலத்தில் திரும்பி வந்தார். எண்ணெய் முடிந்துபோச்சாக்கும் என்று அம்மா வாசலுக்கு ஓடினார். அப்பா எரிபொருள் முள்ளைக் காட்டினார்.

மட்டையைத் துடைத்து, பின்பக்கத்தில் சேசி இலக்கத்தை மார்க்கரால் தெளிவாக எழுதி, அதே மூலையில் செருகிவிட்டேன்.