வண்டியில ஒண்ணும் இல்லண்ணா

“அப்போ வண்டியில ஒண்ணும் இல்லையா தம்பி?”

“ஒண்ணும் இல்லண்ணா. பெட்ரோல்தான் காரணம். எல்லா வண்டியும் இப்படித்தான் வருது.”

இந்த இரண்டு வரிகளை எத்தனை முறை மனதுக்குள் ஓட்டிப் பார்த்திருப்பேன் என்று தெரியவில்லை. நான் பொய் சொல்லவில்லை. பொய்யாக இருந்திருந்தால் ஒருவேளை மன்னிப்புக் கேட்டுவிட்டு மறந்திருப்பேன்.

ஆயுத பூஜைக்கு முந்தைய வாரம் அது. பெங்களூரு அல்சூரில் என்னைப் போல கராஜ் வைத்திருப்பவர்களுக்கு அந்த வாரத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. வண்டியோடு வந்த அந்த அண்ணன் தர்மபுரிக்காரர். சொந்தமாக ஒரு 2018 மாடல் பெட்ரோல் கார் வைத்து ஏர்போர்ட் டிரிப் அடிக்கிறார். லிட்டருக்கு 15 கிலோமீட்டர் கொடுத்துக்கொண்டிருந்த வண்டி 12.5க்கு இறங்கிவிட்டது என்றார். ஒரே பங்கில் டேங்க்கை நிரப்பி, மறுபடி நிரப்பி, நோட்டில் கிலோமீட்டரோடு எழுதி வைத்திருந்தார். அவ்வளவு ஒழுங்காகக் கணக்கோடு வரும் ஆட்கள் குறைவு.

நானும் பார்க்க வேண்டியதை எல்லாம் பார்த்தேன். டயர் காற்று, ஏர் ஃபில்டர், பிளக். ஜாக்கி போட்டு நான்கு சக்கரத்தையும் கையால் சுற்றினேன்; பிரேக் எதுவும் பிடிக்கவில்லை. வண்டியின் கம்ப்யூட்டரைப் படிக்கும் ஸ்கேனரில் பழுதைக் காட்டும் குறியீடு ஒன்றும் இல்லை. இன்ஜின் சூடு 88 டிகிரி காட்டியது. அதன் பிறகுதான் 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20 பெட்ரோலைப் பற்றிச் சொன்னேன். எத்தனாலில் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு சக்தி குறைவு. 2021இல் வந்த நிதி ஆயோக் அறிக்கையிலேயே, பழைய கார்களில் மைலேஜ் 6 முதல் 7 சதவீதம் குறையும் என்று இருக்கிறது. இதெல்லாம் எனக்குத் தெரியும், அதனால் அழுத்தமாகவே சொன்னேன்.

ஆனால் 15இல் 7 சதவீதம் போனால் 14. அவர் சொன்னது 12.5. மீதி ஒன்றரை எங்கே போனது? பத்தாம் வகுப்புப் பையன் போடுகிற கணக்கு. நான் போடவில்லை.

அதைவிட உறுத்துவது அவர் சொன்ன இன்னொரு வார்த்தை. “சிட்டிக்குள்ள கூட பரவால்ல தம்பி, ஏர்போர்ட் ரோட்டுலதான் ரொம்பக் குடிக்குது.” ஏர்போர்ட் போகிற வழியில் ஹெப்பாள் தாண்டினால் ரோடு திறந்து கிடக்கும். எந்த வண்டியும் அங்கே மைலேஜ் அதிகமாகத்தான் கொடுக்கும். அங்கே குறைகிறது என்றால் அதுவே நோயின் பெயர். நான் என்ன சொன்னேன் தெரியுமா? “ஏசி போட்டு வேகமாப் போறீங்கண்ணா.”

வாசலில் பதினோரு வண்டி நின்றது என்பதும் உண்மைதான்.

டிசம்பர் நடுவில் பிரேக்குக்கான ஏபிஎஸ் விளக்கு எரிகிறது என்று திரும்ப வந்தார். வீல் சென்சார் எப்படி வேலை செய்கிறது என்று ஓடும்போது பார்ப்பது நல்லது என்பதால் ஸ்கேனரை மாட்டிக்கொண்டு, ஞாயிறு காலையில் பழைய மெட்ராஸ் ரோட்டில் நானே ஓட்டிப்போனேன். திரும்பும் வழியில் பழக்கதோஷத்தில் ஸ்கேனரில் இன்ஜின் விவரம் காட்டும் பக்கத்தைத் திறந்தேன். சூடு 67. அறுபது கிலோமீட்டர் வேகத்தில் போகப் போக இன்னும் இறங்கியது. சிக்னலில் நின்றால் மெல்ல ஏறியது.

தெர்மோஸ்டாட். இன்ஜின் சூடாகும் வரை கூலன்ட்டை ரேடியேட்டருக்குப் போகவிடாமல் அடைத்து வைக்கும் வால்வு. கழற்றிக் கையில் எடுத்தபோது, ஆறிய நிலையில் இறுக மூடியிருக்க வேண்டிய வால்வு இடுக்கு விட்டு நின்றது. உள்ளே வெள்ளையாக உப்புப் படிவு. கராஜுக்குள் நின்றபடி ஓடும்போது எதிர்க்காற்று இல்லாததால் சூடு சரியாகக் காட்டியிருக்கிறது. ரோட்டில் காற்று அடிக்க அடிக்க ரேடியேட்டர் இன்ஜினைக் குளிர வைத்துக்கொண்டே இருக்க, கம்ப்யூட்டரோ இன்ஜின் இன்னும் சூடாகவில்லை என்று நினைத்துப் பெட்ரோலைக் கூடுதலாக ஊற்றியிருக்கிறது. அந்த வண்டியில் சூடு காட்டும் முள்ளும் கிடையாது. கூலன்ட்டுக்குப் பதில் போர்வெல் தண்ணீர் ஊற்றியது அவர்தான். இதையும் எனக்கு நானே பலமுறை சொல்லிக்கொண்டேன். ஆனால் ஊற்றியது அவர் என்பதற்கும், நான் ரோட்டில் ஓட்டிப் பார்க்காததற்கும் சம்பந்தமில்லை.

ஒரு நாளைக்கு 200 கிலோமீட்டர். 14க்கும் 12.5க்கும் இடையில் சுமார் 1.7 லிட்டர். லிட்டர் நூறைத் தாண்டிய விலையில் தினம் 170 ரூபாய். 60 நாள் ஓடியிருந்தால் பத்தாயிரத்துக்கு மேல். அந்தப் பணத்தில் பெட்ரோலின் குறை ஒரு ரூபாய்கூட இல்லை, அதைத் தனியாகக் கழித்துவிட்டுத்தான் இந்தக் கணக்கு.

மாற்றின பிறகு 13.8 கொடுத்தது. அவர் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, “யாருக்கும் தெரியாததைக் கண்டுபிடிச்சிட்டியே தம்பி” என்றார். அன்றே சொல்லியிருக்கலாம். ‘அண்ணா, இது அக்டோபரிலேயே தெரிஞ்சிருக்க வேண்டியது’ என்று. வாய் வரை வந்தது. லேபர் வேண்டாம் என்று மட்டும் சொன்னேன். அதையும் அவர் என் பெருந்தன்மையாக எடுத்துக்கொண்டார்.

சொல்லியிருந்தால் அவருக்கு என்ன லாபம், போன பணம் திரும்பவா போகிறது என்று ஒரு மனது கேட்கிறது. அப்படியானால் அந்தப் பத்தாயிரத்தில் பாதியையாவது கொடுத்திருக்க வேண்டும் என்று இன்னொரு மனது. பூஜை வாரத்தில் ஒவ்வொரு வண்டியையும் ஹெப்பாள் வரை ஓட்டிப் பார்த்தால் கராஜ் நடத்த முடியாது. இதுவும் சரிதான். எல்லாமே சரியாக இருக்கிறது, அதனால்தான் எதையும் பிடித்துக்கொள்ள முடியவில்லை.

போன வாரம் இன்னொரு டிரைவர் வந்தார், கிருஷ்ணகிரிப் பக்கம். மைலேஜ் இல்லையாம். “அண்ணன்தான் அனுப்பினார் சார். நீங்க பார்த்த உடனே சொல்லிடுவீங்களாமே.”

நான் பதில் சொல்லவில்லை. எந்த ரோட்டில் குறைகிறது என்று கேட்டேன். அப்புறம் ஸ்கேனரை எடுத்துக்கொண்டு அவர் பக்கத்து சீட்டில் ஏறினேன்.