வலப்புறத்துப் பெயர்கள்

எங்கள் வரலாற்று ஆசிரியர் மறைந்து ஓராண்டு நிறைவதையொட்டி அவரைப் பற்றி எழுதித் தருமாறு பழைய மாணவர் மலர்க்குழுவினர் கேட்டபோது, முதலில் நினைவுக்கு வந்தது கரும்பலகையின் நடுவே மேலிருந்து கீழாக அவர் இழுக்கும் கோடுதான். மேல்மாடி வகுப்பில் மூன்றாம் பாடவேளை எப்படித் தொடங்கும் என்பதையும், இரண்டாவது மணிக்குப் பின் அந்தப் படிகளில் ஏறியவர்களுக்கு என்ன நேர்ந்தது என்பதையும் இம்மலரின் வாசகர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை.

கோட்டின் இடப்புறத்தில் ஒரு பெயரை எழுதுவார்: அலெக்சாந்தர், செங்கிஸ்கான், லூதர், நியூட்டன். வலப்புறத்தில் எதுவும் இராது. அந்த மனிதர் செய்ததாக நூல்கள் கூறும் காரியத்தில் அவரோடு நின்றவர்கள் யார், அவர் பிறவாதிருந்தால் அக்காரியம் நடந்தே இராதா என்னும் இரு கேள்விகளுக்கும் எங்களிடமிருந்து ஏதேனும் விடை வரும்வரை அந்தப் பக்கம் வெறுமையாகவே கிடக்கும். பல நாட்களில் விடைக்கு முன்பே மணி அடித்துவிடும். கணித ஆசிரியர் வந்து, உலகை வென்ற மன்னரை டஸ்டரால் துடைத்துவிட்டுத் தம் வேலையைத் தொடங்குவார்.

அச்சுக்கலையின் தந்தை என்று நூல்கள் கூறும் குட்டன்பேர்க்கின் பெயர் எழுதப்பட்ட நாளில்தான் இந்த விளையாட்டு எங்களுக்குப் பிடிபட்டது. மைன்ஸ் நகரில் அவர் விவிலியத்தை அச்சிட்டு முடித்த காலத்திலேயே, 1455 இல், கடன் கொடுத்த யோகான் ஃபுஸ்ட் வழக்கில் வென்றார் என்பதையும், 1457 இல் வெளிவந்த, விவிலியச் சங்கீதப் பாடல்களைக் கொண்ட நூலில் ஃபுஸ்ட்டின் பெயரும் அவருடைய கூட்டாளி பீற்றர் ஷோஃபரின் பெயரும் அச்சாகியிருக்க, குட்டன்பேர்க் தம் பெயரை எந்த நூலிலும் அச்சிட்டு வைக்கவில்லை என்பதையும் கேட்டு நாங்கள் அவருக்காக இரங்கினோம். இரக்கம் முற்றுவதற்குள், சீனாவில் 11 ஆம் நூற்றாண்டிலேயே களிமண் எழுத்துகளைக் கோத்து அச்சிட்ட பி ஷெங்கின் பெயரையும், கொரியாவில் 1377 இல் உலோக எழுத்துகளால் நூல் அச்சிட்டவர்களையும் வலப்புறத்தில் எழுதிவிட்டார். பெரியம்மைக்குத் தடுப்பூசி தந்த ஜென்னரின் பெயர் இடப்புறத்தில் வந்தபோது, 1796 இல் அவர் பசு அம்மைப் பாலைக் கீறி ஏற்றிய எட்டு வயதுச் சிறுவன் ஜேம்ஸ் ஃபிப்ஸின் பெயரே முதலில் ஏறியது. அவன் தோட்டக்காரரின் மகன். அம்மைப் பால் எடுக்கப்பட்டது சாரா நெல்ம்ஸ் என்ற பால்காரப் பெண்ணின் கையிலிருந்து. பெரியம்மை உலகிலிருந்து ஒழிந்துவிட்டதாக 1980 இல் அறிவிக்கப்பட்டது நல்ல செய்திதான் என்று சொல்லிவிட்டு, அந்தப் பிள்ளையிடம் யாராவது சம்மதம் கேட்டார்களா என்று அவர் எங்களைப் பார்த்து நின்றது இன்னும் கண்ணில் நிற்கிறது.

இனி என் கதை. தவணைப் பரீட்சையில், உலக வரலாற்றின் போக்கை மாற்றிய ஒருவரைப் பற்றி எழுதும்படி வினா வந்திருந்தது. நான் நெப்போலியனை எழுதினேன். 1804 இன் சட்டக்கோவை, 1805 இன் ஓஸ்டர்லிற்ஸ் வெற்றி, முடிசூட்டு விழா என ஒன்றும் விடாமல், மேடைப் பேச்சுக்குரிய அடைமொழிகளோடு எழுதிய அந்த விடையை நானே மிகவும் மெச்சியிருந்தேன். எல்லோருடைய தாள்களையும் கொடுத்து முடித்தபின், என்னை முன்னே அழைத்து உரக்க வாசிக்கச் சொன்னார். பாராட்டு என்றுதான் எல்லோரும் நினைத்தோம். ‘நெப்போலியன் ஆல்ப்ஸ் மலையைக் கடந்தார்’ என்று நான் வாசித்ததும் கையை உயர்த்தி, “தனியவோ, தம்பி?” என்றார். ‘நெப்போலியன் ஒஸ்திரியரை முறியடித்தார்.’ “தனியவோ?” வகுப்பு சிரிக்கத் தொடங்கியது. 1812 இல் நெப்போலியன் ரஷ்யாவுக்குள் நுழைந்தார் என்ற வரிக்கு வந்தபோது என் குரல் கம்மிவிட்டது. நேமன் ஆற்றைக் கடந்த படை ஏறத்தாழ ஆறு லட்சம் பேரைக் கொண்டது, அவர்களில் பாதிப்பேர் வரை பிரெஞ்சுக்காரரே அல்லர், போலந்துக்காரரும் ஜேர்மனியரும் இத்தாலியரும் அதில் இருந்தார்கள், மீண்டு வந்தவர்கள் மிகச் சிலர் என்று தாமே சொல்லி, அந்த ஆறு லட்சத்தில் ஒருவனுடைய பெயரை நான் சொன்னால் முழுப் புள்ளியும் தருவதாக அறிவித்தார். நான் பேசாமல் நின்றேன். அன்றிலிருந்து பள்ளியில் எனக்குப் பெயர் ‘தனியவோ’. கடந்த ஒன்றுகூடலில்கூட, தலை நரைத்த ஒருவர் மண்டபத்தின் மறுகோடியிலிருந்து அப்பெயரைச் சொல்லித்தான் என்னைக் கூப்பிட்டார்.

அவர் செய்தது நியாயம் என்று இன்றும் என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. பதினேழு வயதுப் பையனைக் கூனிக்குறுக வைக்காமலும் அந்தப் பாடத்தை நடத்தியிருக்கலாம் என்பது ஒருபுறம். மற்றது, கூட்டத்தின் பெயரால் தனிமனிதனைக் கரைத்துவிட்டால் அவன் செய்த கேட்டுக்கும் பொறுப்பாளி இல்லாமல் போய்விடுவான் என்பது. இந்த இரண்டாவது குறையை அவரிடமே சொல்லிவிட வேண்டும் என்று நான் சொற்களைத் தேடிக்கொண்டிருந்த நாட்களில் ஃபிரிட்ஸ் ஹேபரின் பெயர் இடப்புறத்தில் ஏறியது.

காற்றிலுள்ள நைதரசனிலிருந்து அமோனியாவைத் தயாரிக்கும் வழியை 1909 இல் ஆய்வுகூடத்தில் காட்டியவர் ஜேர்மன் வேதியியலாளர் ஹேபர். வலப்புறத்தை நாங்கள் உற்சாகத்தோடு நிரப்பினோம். அதைத் தொழிற்சாலை அளவுக்கு வளர்த்து 1913 இல் ஓப்பாவில் உற்பத்தியைத் தொடங்கிய கார்ல் பொஷ்ஷின் பெயரை யாரோ சொன்னார்கள். இன்று உலக மக்களில் ஏறத்தாழப் பாதிப்பேரின் உணவு அந்த வழியில் கிடைக்கும் உரத்தை நம்பியிருக்கிறது. பிறகு ஆசிரியர் 1915 ஏப்ரல் 22 என்று எழுதினார். பெல்ஜியத்தின் ஈப்ர் போர்முனையில் குளோரின் வாயுவைத் திறந்துவிட்ட நாள் அது. அதைத் திட்டமிட்டு, களத்துக்கே சென்று மேற்பார்வை செய்தவர் இதே ஹேபர். சில நாட்களில், தாமும் வேதியியலில் முனைவர் பட்டம் பெற்றவரான அவருடைய மனைவி கிளாரா, கணவரின் கைத்துப்பாக்கியால் தம்மைச் சுட்டுக்கொண்டார். 1918 ஆம் ஆண்டுக்கான நோபல் பரிசு அமோனியாவுக்காக ஹேபருக்குக் கிடைத்தது. 1933 இல், யூதராய்ப் பிறந்த குற்றத்துக்காக அவர் நாட்டைவிட்டு வெளியேற நேர்ந்தது. அடுத்த ஆண்டு தொடக்கத்தில் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் இறந்தார்.

பழகிய வழக்கப்படி, அந்தத் தேதிக்கும் வலப்புறத்தில் தளபதிகளையும் படைவீரர்களையும் வாயுக்கலங்களைச் செய்த தொழிலாளர்களையும் நாங்கள் அடுக்கினோம். எல்லாவற்றையும் எழுதவிட்டு, கடைசியில் அந்தப் பகுதியை மட்டும் தம் உள்ளங்கையால் துடைத்தார். “இதை மட்டும் அவரிட்டையே விடுவம்” என்றார். நான் தேடிக்கொண்டிருந்த சொற்கள் தேவையற்றுப் போயின.

அசோகரை அவர் நடத்தியதையும் ஒரு வரியில் விட்டுவிட மனமில்லை. கலிங்கப் போரில் ஒரு லட்சம் பேர் கொல்லப்பட்டார்கள், ஒன்றரை லட்சம் பேர் பிடித்துச் செல்லப்பட்டார்கள் என்று வருந்திச் சொல்லும் 13 ஆம் பாறைக் கல்வெட்டு, போர் நடந்த கலிங்கத்தில், தௌலியிலோ ஜௌகடாவிலோ வெட்டப்படவில்லை. அங்கே வேறு கட்டளைகள்தாம் இருக்கின்றன. தோற்றவர்களின் கண்ணுக்குப் படாத தொலைவில் அந்த வருத்தம் பொறிக்கப்பட்டது ஏன் என்று கேட்டுவிட்டு, விடை சொல்லாமலே போய்விட்டார். இந்த மலரின் ஒவ்வோர் இதழையும் கையிலெடுக்கும்போது அந்தக் கேள்வி எனக்கு நினைவுக்கு வருகிறது. நாமும் நம் வருத்தங்களை வெகு தொலைவில், நல்ல வழவழப்பான தாளில்தான் அச்சிட்டுக்கொண்டிருக்கிறோம்.

நான் ஊரைவிட்டுப் புறப்பட்ட வாரத்தில் பாடம் 1914 ஜூன் 28 இல் நின்றது. இடப்புறத்தில், ஒஸ்திரிய இளவரசரைச் சுட்டு முதல் உலகப் போருக்கு வழிதிறந்த கவ்ரிலோ பிரின்சிப். பத்தொன்பது வயது, இருபது நிறையாததால் தூக்கிலிருந்து தப்பி, சிறையில் காசநோயால் 1918 இல் இறந்தவன். சரயேவோவில் இளவரசரின் மோட்டார் வண்டியைத் தவறான தெருவில் திருப்பிய சாரதியின் பெயரைக் கண்டுபிடித்து வருமாறு எங்களைப் பணித்திருந்தார். அந்த விடை சொல்லப்பட்ட வகுப்பில் நான் இல்லை. லியோபோல்ட் லோய்கா என்று பின்னாளில், கணக்காளர் வேலைக்கு நடுவே, ஒரு நூலகத்தில் பார்த்துத் தெரிந்துகொண்டேன். இரண்டு உலகப் போர்களும் அணுகுண்டும் அவருடைய குரலில் எனக்குக் கிடைக்கவேயில்லை. வேறு யார் யாரோ எழுதியதை வாசித்துத்தான் 20 ஆம் நூற்றாண்டைக் கடந்தேன்.

கியூப நெருக்கடியின்போது, 1962 அக்டோபர் 27 அன்று, அமெரிக்கக் கப்பல்கள் சூழ்ந்த சோவியத் நீர்மூழ்கி பி-59 இல் அணு டோர்பிடோவை ஏவ அதிலிருந்த மூத்த அதிகாரி வசிலி ஆர்கிப்போவ் இணங்கவில்லை என்று அங்கிருந்த இன்னோர் அதிகாரி கூறியது 2002 இல் வெளியே வந்தது. எதுவும் நடக்காமல் செய்து உலகை மாற்றியவர் ஒருவரைக் கண்டுபிடித்துவிட்ட பெருமிதத்தில் ஆசிரியருக்குக் கடிதம் எழுதினேன். அவர் அப்போது ஓய்வுபெற்று நெடுங்காலம் ஆகியிருந்தது. பதில் சிவப்பு மையில் வந்தது. ‘இதிலும் அவர் தனியாகவா? கப்பலில் இருந்த மற்ற அதிகாரிகள் யார்? மேலே நின்ற கப்பல்களில் பொறுமை காத்தவர்கள் யார்? விடையை நேரில் வந்து சொல்லவும்’ என்று எழுதியிருந்தார்.

நூலகத்தில் தேடி, நீர்மூழ்கியின் தலைவர் சாவிட்ஸ்கி, அரசியல் அதிகாரி மஸ்லென்னிக்கோவ் என்று இரண்டு பெயர்களைக் குறித்துக்கொண்டேன். அந்த ஆண்டு விடுமுறை எடுக்க எனக்குத் தடை எதுவும் இருக்கவில்லை. பெயர்களைத் தபாலில் அனுப்பிவிட்டேன்.