பஹணி

கோலார் தங்கவயலில் ஒரு வக்கீலிடம் குமாஸ்தாவாக இருந்தேன். 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கம் மூடப்பட்டது. அதுவரை எங்களிடம் வந்தவை பெரும்பாலும் பாகப்பிரிவினை, ஜீவனாம்சம், புரோநோட்டு வழக்குகள். அந்த ஆண்டு மழைக்காலம் வருவதற்குள் என் மேசையில் செம்புக் கம்பி வழக்குகள் சேர ஆரம்பித்தன.

1902லேயே சிவனசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்த ஊர். சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே இறங்கியிருந்தது. அதற்குத் தக்கபடி கேபிளும் குழாயும் தண்டவாளமும் எங்கும் கிடந்தன. ராத்திரியில் வெட்டிய கேபிளை, தங்கம் பிரித்தபின் கொட்டிய சயனைடு மண்மேட்டுக்குப் பின்னால் போட்டுக் கொளுத்துவார்கள். ரப்பர் கருகிச் செம்பு மிஞ்சும். பிடிபட்டவனின் சட்டையில் அந்த நாற்றம் கோர்ட்டு வரைக்கும் வரும். நான் பார்த்தவர்களில் பெரும்பாலோர் மீசை சரியாக அரும்பாத பையன்கள். இந்திய தண்டனைச் சட்டத்தில் திருட்டுக்கான 379ஆம் பிரிவு தாராளமாக விழுந்தது. அந்தச் செம்பை எடை போட்டு வாங்கியவர் மீது, திருட்டுப் பொருள் வாங்குவதற்கான 411 பாய்ந்ததை அபூர்வமாகத்தான் பார்த்தேன். குற்றப்பத்திரிகை கன்னடத்தில் இருக்கும். தன் மகன் என்ன செய்தான் என்பதை அப்பாக்கள் என் வாயால் தமிழில் கேட்டுத் தெரிந்துகொள்வார்கள்.

வேலை போனது, திருடினார்கள் என்று ஒரே வரியில் முடித்துவிடலாம். என்னை அதிகம் உறுத்தியது ஜாமீன்.

நீதிபதி ஜாமீன் கொடுத்தாலும், வெளியே வர ஒருவர் பொறுப்பேற்க வேண்டும். அவர் பெயரில் நிலம் இருப்பதற்குப் பஹணி, அதாவது கர்நாடகத்தின் நிலப் பதிவேட்டு நகல், காட்ட வேண்டும். சுரங்கக்காரனுக்குப் பஹணி ஏது? தாத்தா வட ஆற்காட்டிலிருந்து வந்து இறங்கிய நாள் முதல் லைன் வீடு. கூரை கம்பெனியுடையது, தண்ணீர்க் குழாய் கம்பெனியுடையது. மூன்று தலைமுறையாகத் தங்கம் தோண்டிய குடும்பத்தில் ஒரு குண்டா (ஏக்கரில் நாற்பதில் ஒரு பங்கு) நிலத்துக்குக்கூடக் காகிதம் கிடையாது.

ஒருவர் மட்டும் இன்னும் கண்ணுக்குள் நிற்கிறார். நாலு படி ஏறினால் மூச்சு வாங்கும். பாறைத் தூசி தின்ற நெஞ்சு. மஞ்சள் பையிலிருந்து குவார்ட்டர்ஸ் சீட்டு, பழைய சம்பளச் சீட்டு, கடைசியாக எண் பொறித்த பித்தளை டோக்கன் என்று ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். “இருபத்தெட்டு வருஷம் சார். கோர்ட்டுக்கு இது போதாதா?” போதாது என்றேன். டோக்கனை எடுத்து வேட்டியில் துடைத்துவிட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

சுற்றுக் கிராமங்களில் பஹணி வைத்திருப்பவர்கள் கொஞ்ச நாளில் இதைப் பிழைப்பாக்கிக்கொண்டார்கள். காலையில் கோர்ட்டு வாசல் புளியமரத்தடியில் வந்து உட்காருவார்கள். பையனை முன்பின் பார்த்திருக்க மாட்டார்கள். பெயரைக் கையில் எழுதி வைத்துக்கொண்டு கூண்டில் ஏறி, சின்ன வயதிலிருந்தே தெரியும் என்பார்கள். கூலி ஐந்நூறு, சமயத்தில் அதற்கும் மேல். அவர்களை அழைத்துவரும் வேலை என்னுடையது.

அந்தப் பெரியவருக்கும் ஒருவரைப் பிடித்துக் கொடுத்தேன். மாலையில் பையன் வெளியே வந்தான். அப்பாவும் மகனும் ஒருவருக்கொருவர் பேசிக்கொள்ளாமல் மாரிக்குப்பம் ரயிலடிப் பக்கம் நடந்தார்கள். புளியமரத்தடியில் ஜாமீன்தாரர் பணத்தை எண்ணி, எனக்கு ஐம்பது ரூபாயைப் பிரித்துக் கொடுத்தார். வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.