“அப்போ நீ ஜட்ஜா இரு”

அமெரிக்காவுல, எங்க ஜார்ஜியா மாகாணத்துல எட்டாங்கிளாஸுக்கு ஜார்ஜியா ஹிஸ்டரி எடுக்கிறவங்களுக்கு மில்லெட்ஜ்வில் டிபேட்னா என்னன்னு நான் சொல்லத் தேவையில்ல, ஏதோ ஒரு மாதிரி எல்லாருமே அதைப் பண்றோம், ஸ்டேட் டெஸ்ட்லயும் வரும். கிளாஸை ரெண்டா பிரிச்சு ஒரு பாதிக்கு ராபர்ட் டூம்ஸ், இன்னொரு பாதிக்கு அலெக்சாண்டர் ஸ்டீபன்ஸ். 1860 நவம்பர்ல, அடிமைமுறை பரவக் கூடாதுன்னு சொன்ன லிங்கன் ஜனாதிபதி தேர்தல்ல ஜெயிச்ச கையோட, இந்த ரெண்டு ஜார்ஜியா அரசியல்வாதிங்களும் அப்போ மாகாணத் தலைநகரா இருந்த மில்லெட்ஜ்வில்ல அடுத்தடுத்த நாள் பேசினாங்க, டூம்ஸ் யூனியனை, அதாவது அமெரிக்க ஐக்கியத்தை, விட்டுப் போயிடணும்ங்கிறார், ஸ்டீபன்ஸ் அவசரப்படாதீங்க, உள்ளயே இருப்போம்ங்கிறார். பசங்களுக்கு ரொம்பப் பிடிக்கும், வருஷம் பூரா வாயே திறக்காத பிள்ளைகூட அன்னிக்கு எழுந்து நின்னு கத்தும்.

கறுப்பினப் பசங்களை நான் எப்பவும் ஸ்டீபன்ஸ் பக்கம்தான் போடுவேன். யார்கிட்டயும் இதைச் சொன்னதில்ல, லிஸ்ட் போடும்போதே அப்படி நகர்த்திடுவேன். பிரிவினைப் பேச்சை அந்தப் பிள்ளைங்க வாயால சொல்ல வைக்க எனக்கு மனசு வராது, அது சரிதான்னுதான் இன்னைக்கும் நினைக்கிறேன்.

போன வருஷம் ஒரு பையனும் அப்படித்தான் ஸ்டீபன்ஸ் பக்கம் வந்தான். நான் கொடுத்தது ஒரே ஒரு பக்கம், அவன் வீட்டுல முழுப் பேச்சையும் தேடி எடுத்துப் படிச்சிட்டான். டிபேட் அன்னிக்கு எல்லாரும் பெஞ்சை இழுத்துப் போட்டுட்டு இருக்கிற சத்தத்துல என் டேபிள்கிட்ட வந்து நின்னான்.

“மிஸ், இவரும் அதையேதானே சொல்றாரு.”

“எதை?”

“அடிமைங்களை வெச்சுக்கணும்னு. யூனியன்ல இருந்தாலே பத்திரமா வெச்சுக்கலாம்ங்கிறாரு. நான் இதைப் பேச மாட்டேன்.”

“டூம்ஸ் பக்கம்...”

“அதுவும் வேண்டாம் மிஸ்.”

“சரி, அப்போ நீ ஜட்ஜா இரு.”

அவ்வளவுதான் பேசினது. தலையாட்டிட்டு ஜட்ஜ் பேப்பரை வாங்கிட்டுப் போய் ஜன்னல் ஓரமா உக்காந்துட்டான். ஆனா அந்தக் கடைசி வரியைத்தான் என் மனசு திரும்பத் திரும்ப ஓட்டிப் பாக்குது, அது நான் அவனுக்குக் கொடுத்த மரியாதையா, இல்ல அவன் கேட்டதுக்குப் பதில் சொல்லாம அவனை ஓரமா உக்கார வெச்சதா?

அவன் சொன்னதுல ஒரு எழுத்து தப்பில்ல. ஸ்டீபன்ஸ் அந்தப் பேச்சுல சொல்றது என்ன, லிங்கனால ஒண்ணும் பண்ண முடியாது, காங்கிரஸ்ங்கிற நாடாளுமன்றம் அவர் கையில இல்ல, அதனால நம்ம சொத்துக்கு இப்போதைக்கு ஆபத்தில்லங்கிறார். சொத்துன்னா மனுஷங்க. 1860 சென்சஸ் படி ஜார்ஜியாவுல மட்டும் 4,62,198 பேர், மொத்த ஜனத்தொகை பத்து லட்சத்துக்குக் கொஞ்சம் மேல. வடக்கு மாகாணங்கள் ஓடிப்போன அடிமைங்களைப் பிடிச்சுக் கொடுக்காம இருக்கப் போட்ட சட்டங்களை வாபஸ் வாங்கணும்ங்கிறதுல டூம்ஸுக்கும் அவருக்கும் கருத்து வேறுபாடே இல்ல. லிங்கன் தன்னோட கொள்கைப்படி மேற்குப் பிரதேசங்கள்ல அடிமைமுறையைத் தடுக்கப் பார்த்தா எதிர்த்து நிக்கிறதுல நான் யாருக்கும் சளைச்சவன் இல்லன்னும் சொல்றார். இன்னொண்ணு, வடக்குக்கும் தெற்குக்கும் நடந்த உள்நாட்டுச் சண்டைக்குக் காரணம் டாரிஃப், அதாவது இறக்குமதி வரிதான்னு பேரண்ட்ஸ் மீட்டிங்ல வருஷா வருஷம் யாராவது ஒரு அப்பா சொல்லுவார், அவருக்கு இந்தப் பேச்சையே காட்டலாம், டாரிஃப் எல்லாம் முடிஞ்ச கதை, 1857ல நாம கேட்ட அளவுக்குக் குறைச்சாச்சு, மாசச்சூசெட்ஸ்காரங்களும் சேர்ந்துதான் ஓட்டுப் போட்டாங்கன்னு ஸ்டீபன்ஸே டூம்ஸுக்குப் பதில் சொல்லியிருக்கார்.

அவரை மிதவாதின்னு டெக்ஸ்ட்புக் சொல்லும். 1820ல மிசௌரி ஒப்பந்தம் 36 டிகிரி 30 நிமிஷம்னு ஒரு கோடு போட்டு, பிரான்ஸ்கிட்ட வாங்கின லூசியானா நிலத்துல மிசௌரி தவிர அந்தக் கோட்டுக்கு வடக்க அடிமைமுறை கிடையாதுன்னு வெச்சிருந்துச்சு இல்லையா, 1854ல அந்தக் கோட்டை அழிச்ச கான்சஸ் நெப்ராஸ்கா சட்டத்தைப் பிரதிநிதிகள் சபையில தள்ளிக்கிட்டுப் போய்ப் பாஸ் பண்ண வெச்சதே இவர்தான். அதுக்கப்புறம் கான்சஸ்ல அடிமைமுறை வேணும்ங்கிறவங்களும் வேண்டாம்ங்கிறவங்களும் மோதி ஓடின ரத்தம் எல்லாருக்கும் தெரியும். 1861 ஜனவரியில ஜார்ஜியா மாநாட்டுல யூனியனை விட்டுப் பிரியறதுக்கு எதிரா ஓட்டுப் போட்டார், அவர் பக்கம் 208க்கு 89னு தோத்துச்சு, மார்ச் 21ஆம் தேதி சவான்னாவுல, இப்போ பிரிஞ்சு போன தெற்கு மாகாணங்களோட கூட்டான கான்ஃபெடரசிக்குத் துணை ஜனாதிபதியா நின்னு, கறுப்பர் வெள்ளையருக்குச் சமம் இல்லங்கிற உண்மைதான் நம்ம புது அரசோட மூலைக்கல்லுன்னு பேசினார். நவம்பர்ல பேசினவர் வேற, மார்ச்ல பேசினவர் வேறன்னு நான் முன்னாடி எல்லாம் கிளாஸ்ல சொல்லிக் கொடுப்பேன், ஏன் இப்படி மாறினார்னு ஒரு கேள்விகூட இருக்கும். அந்தப் பையன் படிச்ச மாதிரி படிச்சா மாற்றமே இல்ல, இடம்தான் மாறியிருக்கு.

சரி, டிபேட் முடிஞ்சுது. ஜட்ஜ் பேப்பர்ல அஞ்சு வரிசை, ஒவ்வொண்ணுக்கும் அஞ்சு மார்க், கீழ ஜெயிச்ச பக்கம்னு ஒரு கோடு. அவன் எல்லா வரிசையிலயும் ரெண்டு பக்கத்துக்கும் 3, 3ன்னு போட்டு, கோட்டுல டைன்னு எழுதியிருந்தான். நான் முழு மார்க் போட்டேன். பக்கத்து ரூம் சீனியர் டீச்சர், எனக்கு இந்த வேலையே கத்துக் கொடுத்தவங்க, பேப்பரைப் பார்த்துட்டு “ஜட்ஜ்னா ஒரு முடிவெடுக்கணும்மா, இவன் வேலையே செய்யலையே, மத்த பிள்ளைங்க பிடிக்காத பக்கத்தையும் கஷ்டப்பட்டுப் பேசியிருக்காங்க, அவங்களுக்கு என்ன நியாயம்”னு கேட்டாங்க. அதுவும் நியாயமான கேள்விதான். பிடிக்காததைப் பேசிப் பாக்கிறதுதான் இந்தப் பயிற்சியோட நோக்கமே. ஆனா பிடிக்காததுங்கிற வார்த்தைக்குள்ள அவனோட விஷயம் அடங்கலையே, அவனோட முன்னோரைச் சொத்துன்னு சொல்ற பேச்சு அது.

வேற என்ன பண்ணியிருக்க முடியும்னு அதுக்கப்புறம் எவ்வளவோ யோசிச்சிருக்கேன். மூணாவது பக்கம் ஒண்ணு நிஜமாவே இருந்துது. 1848 டிசம்பர்ல ஜார்ஜியாவோட மேக்கன் ஊர்ல இருந்து, அடிமைங்களா இருந்த எலன் கிராஃப்ட்டும் அவங்க கணவர் வில்லியமும் தப்பிச்சது. எலன் வெளுத்த நிறம், நோயாளியான ஒரு வெள்ளைக்கார முதலாளி மாதிரி ஆண் வேஷம், வில்லியம் அந்த முதலாளியோட அடிமை. எழுதப் படிக்கத் தெரியாது, ஹோட்டல்ல கையெழுத்துக் கேட்டா மாட்டிக்குவோம்னு எலன் வலது கையைத் தூளி கட்டித் தொங்க விட்டுக்கிட்டாங்க. ரயில், கப்பல்னு மாறி மாறிப் போய் கிறிஸ்துமஸ் அன்னிக்கு அடிமைமுறை இல்லாத வடக்குல ஃபிலடெல்ஃபியா. 1850ல ஓடிப்போனவங்களைப் பிடிக்கிற சட்டம் கடுமையாச்சு, உடனே அக்டோபர்லயே மேக்கன்ல இருந்து ரெண்டு பேர் பாஸ்டனுக்கு அவங்களைத் தேடிப் போனாங்க, பாஸ்டன் ஜனங்க விடல, ஆனாலும் அங்க இருக்க முடியாம ரெண்டு பேரும் இங்கிலாந்துக்குப் போயிட்டாங்க. அந்த டிசம்பர்ல இதே மில்லெட்ஜ்வில்ல கூடித்தான் ஜார்ஜியா சொல்லுச்சு, வடக்கு இந்தச் சட்டத்தை ஒழுங்கா நடத்துற வரைக்கும்தான் நாங்க யூனியன்ல இருப்போம்னு.

இதை யோசிச்சப்போதான் எனக்குப் புரிஞ்சுது, டூம்ஸும் ஸ்டீபன்ஸும் பேசின மண்டபத்துக்குள்ள அந்த 4,62,198 பேர் இல்லன்னு சொல்றது பாதிதான் உண்மை. அவங்க ஓடினதாலதான் பிடிக்கிறதுக்குச் சட்டம், சட்டம் வந்ததாலதான் வடக்குல பிடிச்சுக் கொடுக்க மாட்டோம்னு எதிர்ச்சட்டம், அந்த எதிர்ச்சட்டத்தைச் சொல்லித்தான் டூம்ஸும் ஸ்டீபன்ஸும் ரெண்டு பேருமே கோபப்பட்டாங்க. தெற்கு பிரிஞ்சது மாகாண உரிமைக்காகன்னு சொல்றோமே, 1850கள்ல மாகாண உரிமையைக் கையில எடுத்தது விஸ்கான்சின் மாதிரி வடக்கு மாகாணங்கள், அதை மத்திய அரசு அடக்கணும்னு கேட்டது தெற்கு.

அப்போ அவனை மூணாவது பக்கம் பேசுன்னு சொல்லியிருக்கலாமேன்னு தோணும். ஆனா எங்க ஸ்கூல்ல எந்தப் பிள்ளையையும் அடிமையா நடிக்க வைக்கக் கூடாதுன்னு தெளிவா ரூல் இருக்கு, நல்ல ரூல், பிள்ளைங்களுக்கு அது எவ்வளவு காயம் பண்ணும்னு தெரிஞ்சு வெச்ச ரூல். கறுப்பினப் பையன்கிட்ட போய் நீ எலன் கிராஃப்ட்டா பேசுன்னு நான் சொல்ல முடியுமா, அதுவும் எல்லார் முன்னாடியும்? முடியாது. அதோட இனத்தைப் பத்திக் கிளாஸ்ல எப்படிப் பேசலாம்னு கட்டுப்படுத்துற, ஜார்ஜியாவுல 2022ல வந்த பிளவுண்டாக்கும் கருத்துகள் சட்டம் வேற, அது அடிமைமுறையைச் சொல்லிக் கொடுக்கிறதைத் தடுக்கல, ஆனாலும் ஒவ்வொரு வார்த்தைக்கும் முன்னாடி ஒரு நொடி நிக்க வைக்குது. அதனால ஜட்ஜா இருன்னு சொன்னதுதான் அந்த நிமிஷத்துல இருந்த ஒரே வழின்னு என்னை நானே சமாதானப்படுத்திக்குவேன்.

உடனே அடுத்த கேள்வி வந்துடும். அடிமையா நடிக்கிறது காயம்னு ரூல் போட்டோம், முதலாளியா நின்னு வாதாடுறது மட்டும் பயிற்சியா? டூம்ஸா பேசி ஜெயிச்ச பிள்ளை வீட்டுக்கு என்னத்தைக் கொண்டு போச்சு? அதை நான் கேட்டதே இல்ல, கேட்டா டிபேட்டே நிக்காதுன்னு பயம்.

1860 டிசம்பர்ல லிங்கன் ஸ்டீபன்ஸுக்கு ஒரு கடிதம் எழுதினார், பழைய நண்பர்கள். நீங்க அடிமைமுறை சரி, அது பரவணும்ங்கிறீங்க, நாங்க அது தப்பு, அதைக் கட்டுப்படுத்தணும்ங்கிறோம், அதுதான் பிரச்சினைன்னு. அந்த வரியை முன்னாடி எல்லாம் ரொம்பப் பெருமையா போர்டுல எழுதுவேன். இப்போ எழுதும்போது அந்தப் பையன் என்ன சொல்லுவான்னு தோணுது. தப்புன்னு தெரிஞ்சவரும் கேட்டது கட்டுப்பாடுதானே, இருக்கிற இடத்துல கை வைக்க மாட்டேன்னு அதே கடிதத்துலயே உறுதி கொடுக்கிறாரே. ஆனா பரவ விடாம நிறுத்தினா அது மெல்ல மெல்லச் செத்துடும்னு தெற்கும் நம்புச்சு, வடக்கும் நம்புச்சு, அதனாலதான் வெறும் கட்டுப்பாட்டுக்கே நாடு உடைஞ்சுது, இதைப் பசங்ககிட்ட சொல்லியே ஆகணும். அதுக்கு ஸ்டீபன்ஸ் பேச்சு வேணும், டூம்ஸ் பேச்சு வேணும், அவங்க சொந்த வார்த்தையிலயே.

இந்த வருஷமும் டிபேட் உண்டு. கிராஃப்ட் தம்பதி கதையை முந்தின நாளே ரெண்டு பக்கமும் படிக்கிற மாதிரி வெச்சிருக்கேன், சீனியர் டீச்சர் டெஸ்ட்ல இது வராதேன்னாங்க, வராதுதான். லிஸ்ட் இன்னும் போடல. பழையபடி நகர்த்தினா யாரைக் காப்பாத்துறேன்னு தெரியல, பிள்ளைங்களையே தேர்ந்தெடுக்கச் சொன்னா டூம்ஸ் பக்கம் ஆசையா வர்ற பிள்ளையைப் பார்த்து நான் என்ன நினைப்பேன்னும் தெரியல. ஜட்ஜ் பேப்பர்ல மட்டும் டைங்கிறதுக்கு ஒரு இடம் சேர்த்திருக்கேன், அதைப் போடுறவங்க கீழ காரணம் எழுதணும்.